டிபேஸ் மெமோ கோப்பைச் சி நிரலில் படிப்பது

டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் தரவை மாற்றித் தருகிற பலர் அட்டவணை இருக்கிற டிபிஎஃப் (.dbf) கோப்பை மட்டும் சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் உரை) ஆக்கிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள், எனக்கு இது பொறுக்கவே இல்லை. பெயர், தேதி, தொகை எல்லாம் டிபிஎஃப்-ல் இருக்கும், சரி. ஆனால் அந்தக் காலத்தில் உட்கார்ந்து டைப் செய்தவர் தன் வார்த்தையில் எழுதிவைத்த குறிப்பெல்லாம் பக்கத்தில் கிடக்கும் டிபிடி (.dbt) என்ற மெமோ கோப்பில்தான் இருக்கிறது. அதைப் படிக்க லைப்ரரி எதுவும் வேண்டாம், சி தெரிந்தால் போதும்.

ஆஷ்டன்-டேட் 1984-ல் வெளியிட்ட டிபேஸ் 3-ஐயே எடுத்துக்கொள்வோம். டிபிஎஃப்-ன் முதல் பைட் ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) 83 என்றால் மெமோ உண்டு, 03 என்றால் இல்லை. மெமோ ஃபீல்டில் இருப்பது 10 பைட் அகலத்தில் ஒரு பிளாக் எண், அதுவும் பைனரியாக இல்லாமல் இடப்பக்கம் ஸ்பேஸ் நிரப்பிய வெறும் இலக்கங்களாக. அதன் முடிவில் நல் (சி-யில் உரையின் முடிவைக் காட்டும் பூஜ்ஜிய பைட்) கிடையாது, அடுத்த ஃபீல்டு ஒட்டிக்கொண்டே வந்துவிடும், அதனால் 11 பைட் பஃபரில் நகலெடுத்து, கடைசியில் பூஜ்ஜியம் வைத்துவிட்டு அப்புறம் எண்ணாக மாற்றுங்கள். எல்லாமே ஸ்பேஸாக இருந்தால் அந்த ரெக்கார்டுக்குக் குறிப்பே இல்லை. ஒரு பிளாக் 512 பைட், அதனால் எண் 7 வந்தால் 7 × 512, அதாவது டிபிடி-யில் 3584-வது பைட்டுக்கு எஃப்சீக் (fseek, கோப்பில் அந்த இடத்துக்குத் தாவும் சி ஃபங்ஷன்) செய்து, குறிப்பின் முடிவைக் காட்டும் 1ஏ (ஹெக்ஸில்) வரும்வரை படிக்க வேண்டும்.

இங்கேதான் விண்டோஸில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கோப்பைத் திறக்கும் எஃப்ஓபனில் (fopen) வெறும் ஆர் (r, டெக்ஸ்ட் முறை) கொடுத்துத் திறந்தால் 1ஏ என்ற பைட்டையே கோப்பின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும், அதனால் 1ஏ வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் லூப்புக்கு அது கைக்கு வரவே வராது. ஆர்பி (rb, பைனரி முறை) என்று கொடுங்கள். லினக்ஸில் இந்த வித்தியாசமே இல்லை என்பதால் அங்கே எழுதிச் சோதித்த நிரல் இங்கே வந்து காலை வாரும்.

உரைக்குள் 8டி, 0ஏ என்று ஜோடியாக வந்தால் அது எடிட்டர் தானாக வரியை மடித்த இடம், ஸ்பேஸாக மாற்றிவிடலாம். ஆனால் ஜோடியாக வந்தால் மட்டும்தான். ரஷ்ய மொழிக்கான 866 கோடு பேஜில் (எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியலில்) தனி 8டி ஒரு முழு எழுத்து, அதைத் தொட்டால் சொற்கள் உடைந்துபோகும்.

டிபேஸ் மாதிரியே இன்னொரு தரவுத்தள மென்பொருளான ஃபாக்ஸ்ப்ரோ வேறு கதை. முதல் பைட் எஃப்5, மெமோ கோப்பு எஃப்பிடி, அதில் எண்களெல்லாம் பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும்). பிளாக் அளவு ஹெடரின் 6, 7-வது பைட்டில் இருக்கும், ஒவ்வொரு மெமோவுக்கும் முன்னால் வகைக்கு 4 பைட், நீளத்துக்கு 4 பைட். நீளம் தெரிந்துவிடுவதால் முடிவைத் தேட வேண்டியதில்லை, எனக்கு இதுதான் பிடித்த வடிவம்.

இன்னொன்று. டிபேஸ் 3-ல் ஒரு குறிப்பைத் திருத்தி நீளமாக்கினால் புதியது கோப்பின் கடைசியில் போய் உட்காரும், பழையது அழியாமல் அப்படியே கிடக்கும். எந்த ரெக்கார்டும் சுட்டாத அந்த பிளாக்குகளைத் தனிக் கோப்பில் எழுதி, தரவுக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் கொடுங்கள், வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று அவர் சொல்லட்டும்.