அடிபட்டவருக்கு ஒரு போர்வை

சித்திரை வெயிலிலும், விபத்தில் ரத்தம் இழந்தவரின் உடல் குளிர்ந்துபோகும். சொன்னால் பலர் நம்புவதில்லை. உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க இறங்க, ரத்தம் உறையும் திறன் குறைகிறது. உறையாததால் மேலும் ரத்தம் போகிறது, உடல் இன்னும் குளிர்கிறது, ரத்தத்தில் அமிலத்தன்மையும் ஏறுகிறது. இந்த மூன்றும் கைகோத்துவிட்டால் எத்தனை கைதேர்ந்த அறுவை மருத்துவரும் திணறிப்போவார்.

ஆனால் சாலையோரத்தில் நாம் முதலில் தேடுவது தண்ணீர்ப் பாட்டிலைத்தான்! தயவுசெய்து முகத்திலும் சட்டையிலும் ஊற்றாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள். வேட்டியோ துப்பட்டாவோ, கையில் கிடைத்த உலர்ந்த துணியால் போர்த்துங்கள். தலையையும் மூடுங்கள், முகம் மட்டும் திறந்திருக்கட்டும். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். நடுங்கவும் தெம்பில்லாத நிலையாக இருக்கலாம்.

ஆம்புலன்ஸ் பணியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நமக்கு வியர்க்கிறது என்பதற்காக ஏசியைக் கூட்டாதீர்கள். நனைந்த உடையை வெட்டி எடுத்த கையோடு போர்த்திவிடுங்கள். முதுகுக்குக் கீழும் ஒரு போர்வை வேண்டும், ஈரத் தார்ச்சாலையும் வெறும் பலகையும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பளபளக்கும் வெள்ளித்தாள் போர்வை மட்டும் போதாது, அதனடியில் ஒரு கம்பளி அவசியம்.

தீக்காயம் என்றால் காயத்தின் மீது மட்டும் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், மற்ற இடமெல்லாம் போர்வை. வழியிலேயே பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்போடு அணைத்துப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள்.