இடது காலும் ஏடிஎம் கதவும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிற டிராக் ரேஸுக்காக, நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்பப் பழகுகிறேன். காலை ஆறரைக்கு மணலி லாரி யார்டு. தெரிந்தவருடைய இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டிகளை ஓரங்கட்டி எனக்கு இருநூறு அடி கான்கிரீட் தரை விட்டுத் தருகிறார். எண்ணூர் விரைவுச் சாலை காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே ஓட்டிப் பார் என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அங்கே எந்த நேரத்தில் எந்தச் சந்திலிருந்து கன்டெய்னர் மூக்கை நீட்டும் என்று எனக்குத் தெரியும். பிழைப்பே அந்தக் கன்டெய்னரோடுதான்.

என் மாருதி எஸ்டீம் காரில் ஏழு முறை கிளம்பினேன். ஏழும் ஏழு விதம். இன்ஜினை 4,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றில் வைத்து, இன்ஜினைச் சக்கரத்தோடு சேர்க்கிற கிளட்சைச் சட்டென்று விட்டால் முன் டயர் இரண்டும் கத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றுகின்றன. 2,500-இல் விட்டால் இன்ஜின் திணறிப் படுத்துவிடுகிறது, அப்புறம் அது எழுந்து வருவதற்குள் ஒரு பீடி பற்றவைத்துவிடலாம். ஒரே ஒரு தடவை அம்பு மாதிரி போயிற்று. எப்படி விட்டேன் என்று யோசித்துப் பார்த்தால் காலுக்கே ஞாபகம் இல்லை.

ஜனவரி 8, புதன்

ராத்திரி சாப்பாட்டில் நைனாவிடம் சொன்னேன். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிற டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவர். கார் ரேஸ் என்றாலே பெட்ரோலைக் கொளுத்துகிற வேலை என்பார். ஆனால் சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் செங்குன்றம் தாண்டி சைக்கிளிலேயே போய் வெயிலில் நின்று பார்த்தவரும் அவர்தான். இரண்டாம் உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வருவதற்கு முன்னால் மெட்ராஸ்காரர்களுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான்.

ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஃபிளைவீலை இன்னான்னு நெனைச்சுக்கினு கீறே?"

"இன்ஜின் ஆடாம சுத்த வைக்கிற சக்கரம்."

"அது உண்டியல்டா. நீ ஆக்சிலேட்டர மிதிச்சு நிக்கிறப்போ அதுல காசு சேருது. ஒரே போடா ஒடைச்சா சில்லற தெருவுல ஓடும். கொஞ்சம் கொஞ்சமா குலுக்கி எடு."

அவ்வளவுதான் விஷயம். கிளட்ச் ஒரே நொடியில் பிடித்தால் ஃபிளைவீலில் சேர்ந்த சக்தி மொத்தமும் ஒரே இடியாக டயருக்கு வருகிறது. டயருக்குத் தரையில் இருக்கிற பிடி ஓர் அளவுதான். அந்த அளவைத் தாண்டிச் சுற்ற ஆரம்பித்துவிட்டால் உருளுகிற டயரைவிடப் பிடி இன்னும் குறைவு. எஸ்டீம் முன் சக்கர இழுவை வண்டி வேறு. கிளம்புகிற வேகத்தில் ஓர் ஆள் எடைக்கு மேல் முன்னாலிருந்து பின்னால் போய் உட்காருகிறது, இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகிவிடுகிறது. டயர் தப்பித்தால் இடியை, சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் வாங்கிக்கொள்ளும்.

ஜனவரி 13, போகி

தண்டையார்பேட்டை முழுக்கப் புகை. விடியற்காலையில் யார்டுக்குப் போய் நாலு தடவை கிளம்பிப் பார்த்தேன். நாலாவது தடவை ஒரு வாடை. போகிக்கு எவனோ டயரைக் கொளுத்துகிறான் என்று கண்ணாடியை ஏற்றினேன். ஏற்றியதும் வாடை இன்னும் பலமாக வந்தது. என் கிளட்ச் பிளேட்.

ஜனவரி 19, ஞாயிறு

வண்டியை எடுக்கவில்லை. பெடலை மட்டும் அளந்தேன். மொத்தம் 14 செ.மீ. ஓட்டம். தரையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் கிளட்ச் பிடிக்க ஆரம்பிக்கிறது, 11-இல் முழுப் பிடி. நடுவில் இருக்கிற 3 செ.மீ.தான் என் பிரச்சினை எல்லாம். டிராஃபிக்கில் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்து பழகிய கால் இது. வண்ணாரப்பேட்டைச் சந்தில் ஆட்டோவுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவே அது கில்லாடி. ரேஸில் பச்சை விளக்குக்காகக் காத்திருக்கும்போது மட்டும் நடுங்குகிறது.

அப்புறம் உட்கார்ந்து சூட்டைக் கணக்குப் போட்டேன். என்னையும் சேர்த்து வண்டி ஒரு டன். முதல் கியரில் 3,000 ஆர்பிஎம்மில் கிளட்ச் முழுசாகப் பிடிக்கிறபோது மணிக்குச் சுமார் 23 கி.மீ. வேகம். அந்த வேகத்துக்கு வண்டியிடம் இருக்கிற சக்தி 20 கிலோஜூல். இன்ஜின் அதே 3,000 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருக்க, கிளட்ச் வழுக்கி வழுக்கி வண்டியை அந்த வேகத்துக்குக் கொண்டுவந்தால், வண்டிக்குப் போன அளவு சக்தி கிளட்சிலும் சூடாகப் போயிருக்கும். பாதிக்குப் பாதி. எவ்வளவு கெட்டிக்காரக் காலாக இருந்தாலும் இந்த வரியைக் கட்டாமல் தப்ப முடியாது. 20 கிலோஜூல் என்றால் டீக்கடைச் சின்ன கிளாஸில் முக்கால் கிளாஸ் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. போகியன்று ஐந்து நிமிஷத்தில் மூன்று டீக்குத் தண்ணீர் காய்ச்சியிருக்கிறேன், விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தட்டில்.

ஆகவே வழுக்காமல் விட்டால் டயர் போச்சு, ரொம்ப வழுக்கவிட்டால் பிளேட் போச்சு.

ஜனவரி 23, வியாழன்

திருவொற்றியூரில் பணம் எடுக்க ஏடிஎம்முக்குப் போனேன். வெளியே வரும்போது கதவைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கையை விட்டதும் விறுவிறுவென்று வந்தது. கடைசி ஒரு சாண் தூரத்தில் யாரோ பிடித்து நிறுத்திய மாதிரி மெதுவாகி, சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. பின்னால் நின்ற அம்மா, "தம்பி, போறியா இல்லையா?" என்றார்.

இத்தனை நாள் 'கிளட்சை எவ்வளவு வேகமாக விடுவது' என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேள்வி இரண்டு. எதுவரை வேகமாக விடுவது, மிச்சத்தை எவ்வளவு மெதுவாக விடுவது. கதவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியாக இருந்தால் வேலை சுலபம். ஆயில் திரும்பி வருகிற வழியைக் குறுக்கினால் போதும், கிளட்ச் மெதுவாகப் பிடிக்கும். பிஎம்டபிள்யூ கார்கள் சிலவற்றில் கம்பெனியே அப்படி ஒரு வால்வு வைத்து அனுப்பியது, அதைக் கழற்றி எறிவதை முதல் வேலையாக வைத்திருக்கும் ஆட்களும் உண்டு. எஸ்டீமில் இருப்பது கேபிள். குறுக்குவதற்கு ஆயில் எங்கே?

புதுப்பேட்டைக்குப் போய் பைக் ஹேண்டில்பார் உதறாமல் தடுக்கிற பழைய ஸ்டியரிங் டாம்பர் ஒன்று வாங்கி வந்தேன். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, ஆயில் மட்டும். தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே கனம், விட்ட இடத்தில் நிற்கும். கனத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு.

பிப்ரவரி 2, ஞாயிறு

கொருக்குப்பேட்டை லேத் பட்டறை. அரை நாள் ஆயிற்று. டாம்பரின் ஒரு முனை தரையில் போல்ட் போட்டு நிற்கிறது. மறு முனைக்கும் பெடலுக்கும் நடுவில் ஸ்லாட், அதாவது நீளத் துளை வெட்டிய ஒரு பட்டை. ஸ்லாட் நைனாவின் யோசனை. நான் டாம்பரை நேராகப் பெடலில் மாட்டச் சொன்னேன். "அப்போ ரெண்டாவது கியருக்கும் மெதுவாத்தான் ஏறும். கியர் மாத்தறப்போ இன்னா பண்ணுவே, பாட்டு பாடுவியா?" என்றார்.

ஸ்லாட் நீளம் 9 செ.மீ. பெடலைத் தரைவரை மிதித்தால் டாம்பர் உள்ளே போய் நிற்கும். காலை எடுத்தால் பெடல் முதல் 9 செ.மீ. தடையில்லாமல் துள்ளி எழும். 8-இல் பிடி ஆரம்பம் என்பதால் ஒரு செ.மீ. அளவுக்குக் கிளட்ச் கவ்விவிடும். அங்கிருந்து டாம்பரை இழுத்துக்கொண்டு மெல்ல மேலே வர வேண்டும். ஓடும்போது கியர் மாற்ற, பெடலை மேலிருந்து 9 செ.மீ.க்குள் மட்டும் மிதித்தால் ஸ்லாட்டிலேயே ஆடிவிட்டுத் திரும்பும், டாம்பருக்குச் சேதியே போகாது. கிளட்ச் விடுபட அந்த ஓட்டம் தாராளம். பட்டறைக்காரர் இது என்ன வண்டிக்கு என்று இரண்டு முறை கேட்டார். ஆட்டோவுக்கு வருமா என்று மூன்றாவது முறை.

பிப்ரவரி 9, ஞாயிறு

யார்டு. ஸ்லாட்டில் இருக்கும் ஒரு போல்ட்டை நகர்த்தினால் முதல் கவ்வலின் பலம் மாறும். டாம்பர் திருகைத் திருப்பினால் அதற்குப் பிறகு ஏறுகிற வேகம் மாறும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும் என்று தெரிந்தும் முதல் ஒரு மணி நேரம் அதைத்தான் செய்தேன். பிறகு புத்தி வந்தது. கிளம்பிய உடனேயே டயர் கத்தினால் போல்ட். பத்தடி போன பிறகு கத்தினால் திருகை இறுக்க வேண்டும். கத்தவே கத்தாமல் ஆர்பிஎம் மட்டும் உயரத்திலேயே தொங்கி வாடை வந்தால் திருகைத் தளர்த்த வேண்டும்.

காலை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பெடலிலிருந்து பக்கவாட்டில் சறுக்கி, முழுக்க விட்டுவிட வேண்டும். பதினெட்டு வருஷமாக ஓட்டுகிற கால் கேட்கவே மாட்டேன் என்கிறது, தன்னை அறியாமல் போய் பெடலைத் தாங்கிக்கொள்கிறது.

கடைசி ஓட்டத்தில் வேகத்தில் மறந்து, இரண்டாவது கியருக்குப் பெடலைத் தரைவரை மிதித்துத் தொலைத்தேன். டாம்பர் மறுபடி மாட்டிக்கொண்டது. இன்ஜின் ஆறாயிரத்தில் கத்துகிறது, வண்டி கோயில் தேர் மாதிரி நகர்கிறது. நைனா யார்டு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே வாயைத் திறந்து பாடுவது போல் சைகை காட்டினார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இருங்காட்டுக்கோட்டை. மொத்த ஓட்டம் 402 மீட்டர், கால் மைல். எனக்கு வேண்டியது முதல் 60 அடிதான், 18.3 மீட்டர். நல்ல வேளையாக, விளக்கைப் பார்த்துவிட்டு நான் தூங்கினாலும் அந்த நேரம் கெடாது. சக்கரம் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது.

முதலில் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் மூன்று ஓட்டம். வெறுங்கால் என்றால் டாம்பர் இல்லாமல், ஷூ போட்டிருந்தேன். 2.74, 2.61, 2.93 நொடி. பட்டையை மாட்டி மூன்று: 2.60, 2.58, 2.59.

2.61-க்கும் 2.58-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் கால் சரியாக விட்ட நாளில் டாம்பருக்குச் சமமாகத்தான் விட்டிருக்கிறது. 2.93 இனி வராது என்பதற்காகத்தான் அரை நாள் லேத் கூலியும் ஸ்டியரிங் டாம்பரும்.

மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு ஓட்டம் கேட்டு வாங்கினேன். 2.71. டயர் கத்தியது. திருகை நான் தொடவே இல்லை. வெயிலில் கண்ணாடி ஏற்றி நின்ற வண்டிக்குள் டாம்பர் ஆயில் சூடேறி இளகி, பெடல் சீக்கிரமாக ஏறியிருக்கிறது. இரண்டு கிளிக் இறுக்கினேன். அதற்குள் வரிசை முடிந்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு

கியர்பாக்ஸ் இறக்கினோம். தண்டையார்பேட்டை மெக்கானிக் அண்ணன், நான், கூப்பிடாமலே வந்த நைனா. பிளேட்டில் ரிவெட் தலைக்கு மேல் இன்னும் நல்ல கனம் இருக்கிறது. ஃபிளைவீலில் மட்டும் மூன்று இடத்தில் நீலம் பாய்ந்திருக்கிறது. போகி வேலை.

"கெட்டிப்பட்டுப் போச்சு இந்த எடம். இப்படியே மாட்டினா உதறும்," என்று நைனா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். லேத்தில் மேலாக ஒரு சீவு சீவ வேண்டும். எவ்வளவு எடுக்கலாம் என்று அவரும் மெக்கானிக் அண்ணனும் அரை மணி நேரமாகச் சண்டை. நான் டீ வாங்கி வந்தேன். மூன்று கிளாஸ்.