டெடிகேட்: யார், எதை, எதற்கு?

"இந்தப் பாட்டை என் அக்காவுக்கு டெடிகேட் பண்றேன்" என்று எஃப்எம் ரேடியோவில் சொல்லும்போது யாருக்கும் தப்பு வருவதில்லை. கொடுக்கிற பொருளாகப் பாட்டு இருக்கிறது, வாங்கிக்கொள்ள அக்கா இருக்கிறார். அதே ஆள் பயோடேட்டாவை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் "ஐ டெடிகேட்டட் டு மை வொர்க்" என்று எழுதிவிடுகிறார். பாட்டு இருந்த இடம் இப்போது காலி.

டெடிகேட் என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. எதை அர்ப்பணித்தாய் என்பதற்கு வாக்கியத்திலேயே பதில் வேண்டும்: நேரம், வாழ்க்கை, புத்தகம், அல்லது உன்னையே. நம் மனதில் ஓடுவது "வேலையில் ஈடுபட்டேன்" என்ற தமிழ். ஈடுபடு தன்வினை, டெடிகேட்டுக்கு நேரானது ஈடுபடுத்து என்ற பிறவினை. "என்னை ஈடுபடுத்திக்கொண்டேன்" என்று நினைத்தால் அந்த "என்னை" ஆங்கிலத்திலும் தானாக வந்துவிடும்: "ஐ டெடிகேட்டட் மைசெல்ஃப் டு மை வொர்க்". "ஐ ஆம் டெடிகேட்டட் டு மை வொர்க்" என்பதும் சரி. அங்கே "ஆம்" வந்து அதைப் பெயரடை ஆக்கிவிட்டது. அந்த ஒரு சொல் விடுபட்டால் வாக்கியம் உடைந்துவிடும்.

அடுத்த சிக்கல் "டு". பள்ளியில் "டு" வந்தால் பின்னால் வினையின் முதல் வடிவம் என்று மனப்பாடம் செய்திருப்போம்: வான்ட் டு டீச், ட்ரை டு டீச். அந்தப் பழக்கத்தில் "ஷி டெடிகேட்டட் ஹெர் லைஃப் டு டீச்" என்று எழுதுகிறோம். இங்கே வர வேண்டியது "டு டீச்சிங்". இந்த "டு" நம் நான்காம் வேற்றுமை "கு" மாதிரி ஒரு முன்னிடைச்சொல். தமிழில் "கற்பிக்கக்கு" என்று சொல்ல முடியாது; "கற்பிப்பதற்கு" என்று தொழிற்பெயராக்கித்தான் "கு" சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் அந்தத் தொழிற்பெயர் வேலையைச் செய்வது ஐஎன்ஜி. சந்தேகம் வந்தால் "டு"வுக்குப் பின்னால் "இட்" போட்டுப் பாருங்கள். "டெடிகேட்டட் ஹெர் லைஃப் டு இட்" பொருந்துகிறது, ஆகவே ஐஎன்ஜி. "வான்ட் டு இட்" பொருந்தவில்லை, ஆகவே வெறும் வினை. லுக் ஃபார்வர்ட் டு, யூஸ்ட் டு போன்ற இடங்களில் தடுமாறுகிறவர்களுக்கும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

"டெடிகேட்டட் ஃபார் த நேஷன்" என்ற பிழைக்கும் காரணம் தமிழ்தான். நாட்டுக்கு அர்ப்பணித்தார், நாட்டுக்காக அர்ப்பணித்தார் என்று இரண்டையும் சொல்கிறோம். அந்த "ஆக" ஆங்கிலத்தில் "ஃபார்" ஆகிவிடுகிறது. ஒன்றை ஒன்றுக்கு அர்ப்பணிக்கும் பொருளில் இந்த வினை "டு"வோடுதான் வரும்.

இந்த வினையின் முழு வீச்சையும் ஓரிடத்தில் பார்க்க வேண்டுமானால் 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில், போர்வீரர்களின் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழாவில், ஆபிரகாம் லிங்கன் பேசியதைப் படியுங்கள். ஏறக்குறைய 270 சொற்கள். அதற்குள் இந்த வினை 6 முறை வருகிறது. அந்த நிலத்தின் ஒரு பகுதியை அர்ப்பணிக்க வந்திருக்கிறோம் என்கிறார். பிறகு "வி கேன் நாட் டெடிகேட்" என்று மறுக்கிறார். இங்கே போரிட்டவர்கள் ஏற்கெனவே இந்த மண்ணைப் புனிதமாக்கிவிட்டார்கள் என்பது அவர் சொல்லும் காரணம். கடைசியில், உயிரோடு இருக்கும் நாம்தான் அவர்கள் முடிக்காமல் விட்ட பணிக்கு அர்ப்பணிக்கப்பட வேண்டும் என்று திருப்புகிறார். நிலம் இருந்த இடத்தில் மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். பேச்சின் உயிரே இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நிலம், கோயில், கட்டடம் ஆகியவற்றை அர்ப்பணிக்கும்போது "எதற்கு" என்பதைச் சொல்லாமல் விடலாம். "எதை" என்பதை விட முடியாது.

டிவோட் இதன் நெருங்கிய உறவு. இலக்கணம் அதேதான், இடம்தான் வேறு. நேரம், கவனம், பக்கம் என்று பங்கிட்டு ஒதுக்குவதற்கு டிவோட் இயல்பாகப் பொருந்தும்: "த பேப்பர் டிவோட்டட் டூ பேஜஸ் டு த ஃப்ளட்". புத்தகத்தை அம்மாவுக்குக் காணிக்கையாக்கும் இடத்தில் டெடிகேட் மட்டும்தான் செல்லும். பெயரடையாகும்போது டிவோட்டட் அன்பின் பக்கம் சாயும், டெடிகேட்டட் உழைப்பின் பக்கம் சாயும். அதனால் டிவோட்டட் மதர், டெடிகேட்டட் நர்ஸ்.

டெடிகேட்டட் சர்வர், டெடிகேட்டட் ஃப்ரைட் காரிடார் என்பவற்றில் பக்தியைத் தேட வேண்டாம். அங்கே "இதற்கு மட்டும்" என்று பொருள். அந்த ரயில் பாதை சரக்கு வண்டிக்கென்றே போட்டது.

கமிட் பற்றி ஒரு எச்சரிக்கை. "எனக்கு நிறைய கமிட்மென்ட் இருக்கு" என்று தமிழில் சொன்னால் வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம் என்று புரிந்துகொள்கிறோம். வேலையில் எனக்கு அர்ப்பணிப்பு உண்டு என்று இன்டர்வியூவில் சொல்ல நினைத்து, "ஐ ஹாவ் மெனி கமிட்மென்ட்ஸ்" என்று முடித்தால், எதிரே இருப்பவர் இவருக்கு நேரமே இருக்காது போல என்றுதான் எடுத்துக்கொள்வார். "ஐ ஆம் கமிட்டட் டு திஸ் வொர்க்" என்று சொல்ல வேண்டும். எழுதும்போது கமிட்டட்டில் இரண்டு டி, கமிட்மென்ட்டில் நடுவே ஒரே டி.

சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் டெடிகேட் வேண்டாம். தினமும் 10 நிமிடம் செய்தித்தாள் படிப்பதற்கு ஸ்பென்ட் போதும், அதற்கு "டு"வும் கிடையாது: "ஐ ஸ்பென்ட் டென் மினிட்ஸ் ரீடிங் த பேப்பர்". அதே 10 நிமிடத்தை டெடிகேட்டில் சொன்னால் "டு" திரும்ப வந்தாக வேண்டும்: "ஐ டெடிகேட் டென் மினிட்ஸ் டு ரீடிங் த பேப்பர்". இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இரண்டாவது எவ்வளவு கனமாக இருக்கிறது என்பது காதிலேயே தெரியும்.