நாய்க் கூட்டுக்கு எதிராக ஒரு முறைப்பாடு

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு வீட்டில் 'லயன் ஷெப்பர்ட்' சாதி நாய்க்குட்டிகள் விற்கிறார்கள். பேஸ்புக் படத்தில் குட்டிகள் பஞ்சு போல இருக்கும். தாய் நாய்கள் கிடப்பதோ பின்பக்கக் கூட்டில். தரை முழுக்கக் கம்பிவலை, மேலே கிழிந்த தறப்பாள், மழைக்காலத்தில் சாரல் நேராக உள்ளே அடிக்கும். கம்பியில் நின்று நின்று ஒரு பெட்டைக்கு விரலிடுக்கு பிளந்து சீழ் வைத்திருந்தது. அந்த நிலையிலும் அது சினையாக இருந்தது.

"நாய்க்கெல்லாம் முறைப்பாடா தம்பி?" என்று பொலிஸில் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு வயிறெரிந்தது. நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்று இங்கே இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. அதனால் லைசன்ஸ் பேச்சை விட்டுவிட்டு, 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மிருகத்துக்குத் தேவையில்லாத வேதனை கொடுப்பது அதன்படி குற்றம். காயம், கூடு, மழை என்று பார்த்ததை மட்டும் எழுதி, படங்களையும் சேர்த்து மறுபடி போனேன். சிங்களத்தில் பதிந்தார்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். முறைப்பாட்டு இலக்கத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாவிட்டால் அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காரியத்தை நகர்த்தியது அரச மிருக வைத்தியர்தான். தோட்டத்தில் எல்லாரும் 'மாட்டு டொக்டர்' என்றுதான் சொல்வோம். அவர் கூட்டுக்குள் குனிந்து, ஒவ்வொரு நாயின் பாதத்தையும் தூக்கிப் பார்த்து எழுதினார். அந்த அறிக்கை வந்ததும் பொலிஸின் பேச்சே மாறிவிட்டது. உரிமையாளரைக் கூப்பிட்டார்கள். கூட்டுக்குப் பலகைத் தரை வந்தது, காயப்பட்ட பெட்டைக்கு வைத்தியம் நடந்தது.

வழக்கு வேண்டுமென்று நான் கேட்டேன், எச்சரிக்கையோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய சட்டத்தில் தண்டப்பணம் 100 ரூபாய், சிறை என்றால் மூன்று மாதம், அதுதான் உச்சம். ஒரு குட்டியின் விலைக்கு முன்னால் அந்த நூறு ரூபாய் யாரைத் தடுக்கும்? புதிய விலங்கு நலச் சட்டத்துக்கு 2006இலேயே சட்ட ஆணைக்குழு வரைபு எழுதிக் கொடுத்தது. அதன் பிறகும் எத்தனை அரசாங்கங்கள் வந்து போய்விட்டன!

சரி, கையில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டப்படி நாய்களை வருடாவருடம் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும். அந்த வீட்டு நாய்கள் பதியப்பட்டிருக்கின்றனவா, விசர்நோய் ஊசி போடப்பட்டிருக்கிறதா என்று பிரதேச சபையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை விடப்போவதில்லை.