ஹீட்டருக்குப் பின்னால்

ஜூன் 4
மீன்தொட்டியில் விளக்கைப் போட்டதும் என் மூன்று ஏஞ்சல் மீன்களில் சின்னவனைத்தான் தேடினேன். ஹீட்டருக்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நிற்கிறான். வால் நேற்றைவிட அதிகமாகக் கிழிந்திருக்கிறது. வயிற்றடியில் தொங்கும் நூல் துடுப்புகளில் ஒன்று பாதிதான் மிச்சம்.

ஜூன் 5
நகத்தளவு இருந்தபோது மூன்று ஏஞ்சல்களும் சேர்ந்தேதான் திரிந்தன. ஒன்று திரும்பினால் மற்ற இரண்டும் திரும்பும். சிச்லிட் இனம், ஜோடி சேர்ந்தால் இடம் பிடிக்கும் என்று படித்துமிருந்தேன். ஆனாலும் இவை அப்படி மாறாது என்று நம்பினேன். இப்போது கருப்பனும் வரிக்காரியும் ஜோடி. தொட்டியின் வலது பாதி அவர்களுடையது. இன்று முழுக்க ஃபில்டர் குழாயை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தார்கள். முட்டையிடப் போகிறார்கள். மூன்றாக வாங்கியிருக்கக் கூடாது.

ஜூன் 6
அம்மோனியா 0. நைட்ரைட் 0. வெப்பம் 28. தண்ணீரில் குறையில்லை. சின்னவன் இன்றும் சாப்பிடவில்லை.

ஜூன் 7
எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தேன். மரக்கட்டையை நடுவில் நிறுத்தி, வாலிஸ்னேரியாவைப் பிடுங்கி அதன் இருபுறமும் திரைபோல நட்டேன். ஒருவர் கண்ணில் ஒருவர் படாவிட்டால் துரத்தல் குறையும். பழைய அடையாளங்கள் கலைந்தால் எல்லைகளும் கலையும். மதியம் வரை மூவரும் புது இடத்துக்கு வந்ததுபோல மெல்ல மோந்து திரிந்தார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி. மாலையில் கருப்பன் செவுளை விரித்து, உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, ஒரே பாய்ச்சல். சின்னவன் திரும்பவும் ஹீட்டருக்குப் பின்னால்.

ஜூன் 9
முட்டை.

ஜூன் 10
குழாயில் வரிசை வரிசையாக, கடுகைவிடச் சிறியதாக, தேன் நிறத்தில். இருவரும் மாறி மாறி மார்புத் துடுப்பால் விசிறுகிறார்கள். வெளுத்த முட்டையை மட்டும் வரிக்காரி பொறுக்கி எடுக்கிறாள். இதைப் பார்த்த பிறகு கருப்பன் மேல் எப்படிக் கோபப்படுவது? கண்ணாடியில் விரல் வைத்தேன், என்னையும் முட்டினான்.

அக்கா ஃபோனில், “ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடேன்டா” என்றாள். எதை? கிழிந்த வாலோடு இவனையா? முட்டையோடு அவர்களையா?

ஜூன் 11
குறுக்கே பிளாஸ்டிக் வலை. தண்ணீர் போய்வரும், மீன் போகாது. அடியில் இடைவெளி விடாமல் கூழாங்கல்லால் அணைத்தேன். ஃபில்டர் அவர்கள் பக்கம், ஹீட்டர் இவன் பக்கம். இரண்டு பக்கமும் 28தானா என்று நான்கு முறை பார்த்துவிட்டேன். இரவில் இவன் மூன்று உருண்டை தின்றான். ஒன்றைத் துப்பி, மறுபடி விழுங்கினான்.

ஜூன் 12
குழாயில் ஒரு முட்டைகூட இல்லை. முதல் ஈட்டைத் தாங்களே தின்றுவிடுவது ஏஞ்சலில் வழக்கம்தான். ஒருவேளை நான் வலை வைக்கக் கையை விட்டதுதான் காரணமோ. தூக்கமே இல்லை.

ஜூன் 13
முட்டைதான் போய்விட்டதே, வலையை எடுக்கலாமா? வேண்டாம். அடுத்த ஈடு வந்தால் திரும்பவும் இதே கதைதான். இவனுக்குத் தனித்தொட்டிதான் சரி. புது ஃபில்டர் பஞ்சை இங்கேயே போட்டு வைத்திருக்கிறேன். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் பிடிக்கச் சில வாரமாவது ஆகும்.

ஜூன் 16
கிழிந்த வாலின் ஓரத்தில் நிறமில்லாமல், கண்ணாடிபோல ஒரு மெல்லிய விளிம்பு. வளர்கிறது! விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

ஜூன் 17
வலைக்கு இந்தப் பக்கம் சின்னவன், அந்தப் பக்கம் கருப்பன். நேருக்கு நேர். வெகுநேரம் இருவருமே நகரவில்லை.

ஜூன் 19
வரிக்காரி குழாயைக் கொத்துகிறாள்.