ஆட்டோகேட் பிராக்டிகலுக்கு முன்னால் டெம்ப்ளேட்டைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள்

டிப்ளமோ சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நான் குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்து படித்தவன். மாடல் பிராக்டிகலில் ஆட்டோகேடில் (கம்ப்யூட்டரில் பிளான் வரையும் சாஃப்ட்வேர்) ஒரு வீட்டு பிளானை முக்கால் மணி நேரத்தில் வரைந்து முடித்துவிட்டேன், ஆனால் அளவுகளைப் போட்டதும் எண்கள் கண்ணுக்கே தெரியவில்லை. காரணம், புது ஃபைலை 'அகேட்' டெம்ப்ளேட்டில், அதாவது அளவு முறையெல்லாம் முன்பே போட்டு வைத்த தொடக்க ஃபைலில், திறந்திருந்தேன். அது அங்குலக் கணக்கு, அளவு எழுத்தின் உயரம் அதில் வெறும் 0.18. மில்லிமீட்டரில் வரைகிறவர்களுக்கு 'அகேட் ஐஎஸ்ஓ'தான் சரி, அதில் 2.5.

அன்றைக்கே சொந்தமாக ஒரு டெம்ப்ளேட் செய்ய உட்கார்ந்தேன். சுவர், கதவு, அளவு, எழுத்து என்று தனித்தனி அடுக்குகளாக லேயர்கள், அப்புறம் பிரிண்ட் தாளை அமைக்கும் லேஅவுட்டில் ஏ3 தாள். ஏ3 என்பது 420க்கு 297 மி.மீ. இடது பக்கம் 20, மற்ற மூன்று பக்கமும் 10 விட்டால் பார்டர் 390க்கு 277 வரும். வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக் (படத்தின் பெயர், விவரம் எழுதும் கட்டம்) 185க்கு 65. 30க்கு 40 அடி மனையை 1:50ல் வைத்தால் தாளில் 183க்கு 244 மி.மீ. பிடிக்கும், டைட்டில் பிளாக்குக்கு இடது பக்கம் அழகாக உட்கார்ந்துவிடும். இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்திருந்தால் தேர்வு ஹாலில் ஸ்கேல் தேடித் தடுமாற மாட்டீர்கள்.

லேஅவுட் தாளில் படத்தைக் காட்டும் ஜன்னலான வியூபோர்ட்டுக்கு ஸ்கேல் கொடுத்ததும் பூட்டிவிடுங்கள். பூட்டாமல் உள்ளே டபுள் கிளிக் செய்து மவுஸ் சக்கரத்தைத் தெரியாமல் உருட்டினால் போதும், 1:50 போயே போய்விடும், பிரிண்ட் வரும்வரை உங்களுக்கு அது தெரியாது.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏ3 பிரிண்ட் எடுத்து, அங்கேயே ஸ்கேலை வைத்து அளந்தேன். 18.3 செ.மீ. இருக்க வேண்டிய 30 அடி 17.6தான் இருந்தது. 'ஃபிட் டு பேப்பர்' டிக் செய்திருந்ததுதான் காரணம். லேஅவுட்டிலிருந்து எடுக்கும் பிரிண்ட் எப்போதும் 1:1 இருக்க வேண்டும். பிரிண்டில் நிறம் எப்படி வரும் என்பதைத் தீர்மானிக்கும் பிளாட் ஸ்டைலை 'மோனோகுரோம்' என்று வையுங்கள், இல்லையென்றால் மஞ்சள் லேயர் கறுப்பு வெள்ளை பிரிண்டரில் வெளிறிப்போகும். இதையெல்லாம் பேஜ் செட்டப்பில் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால் அடுத்த தாளுக்கும் அதுவே உதவும். எலிவேஷனுக்கு (வீட்டின் வெளித்தோற்றப் படம்) இன்னொரு தாள் வேண்டுமென்றால் கன்ட்ரோலை அழுத்தியபடி லேஅவுட் டேபை இழுங்கள், பார்டர், டைட்டில் பிளாக் எல்லாம் அப்படியே காப்பி ஆகும்.

தேர்வுக்கு பென்டிரைவ் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் செய்து வைத்த ஃபைலை நம்பாமல், தினமும் காலியான 'அகேட் ஐஎஸ்ஓ'விலிருந்து ஆரம்பித்து மறுபடி மறுபடி செய்து பழகுங்கள். எனக்கு முதல் நாள் 40 நிமிடம் ஆனது, பத்தாம் நாள் 12 நிமிடம். அந்த 12 நிமிடத்தைத் தேர்வின் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டுத்தான் முதல் சுவரை வரைந்தேன்.