வலது கன்னம்: சில நாட்குறிப்புகள்

நவம்பர் 18

ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்து முடித்துவிட்டு வழக்கம்போல நூலைப் பல்லால் கடித்தேன். வலது கன்னத்தில் ஷாக் அடித்தது. சில நொடிதான். அதற்குள் கையிலிருந்த துணி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அளவு கொடுக்க வந்த பெண் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டாள்.

இது பல்வலி இல்லை. அந்தக் கடைவாய்ப் பல்லைத்தான் முன்பே பிடுங்கியாகிவிட்டதே! பிடுங்கியவர் பக்கத்துப் பல்லையும் எடுத்துப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 24

காசிமேட்டிலிருந்து காலையில் வரும் காற்று எனக்கு எவ்வளவு பிடிக்கும். இப்போது தலைப்பால் முகத்தை மூடாமல் தெருவில் இறங்க முடியவில்லை. அப்படியே எம்.சி. ரோடு வரை போய் லைனிங் துணி வாங்கி வந்தேன். கடைக்காரரிடம் வாய் திறந்து பேசாமல் விரலைக் காட்டியே வாங்கினேன்.

முகம் கழுவ பயம். பல் தேய்க்க பயம். மூன்று வேளையும் கஞ்சி, அதுவும் இடது பக்கமாக. பாராசிட்டமால் போட்டால் துளியும் கேட்பதில்லை. ராத்திரி தூங்கும்போது மட்டும் வலி விட்டுவிடுகிறது, அதனால் விடிவதே பிடிக்கவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் "பொறுத்துக்க" என்கிறார்கள். எதற்காகப் பொறுக்க வேண்டும்? இந்த வலியால் யாருக்கு என்ன நன்மை?

நவம்பர் 27

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். நரம்பு டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நான் பாதி சொல்லும்போதே கேட்டார்: "காத்து பட்டா வருதாம்மா? மெதுவா தொட்டாக்கூடவா? நடுவுல சுத்தமா வலி இல்லாம இருக்கா?" எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கேயே அழுதுவிட்டேன். வலியால் இல்லை, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதால்.

ட்ரைஜெமினல் நியூரால்ஜியா. முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கிளையாகப் பிரிகிற ஒரு நரம்பு இருக்கிறதாம். அது மூளையிலிருந்து கிளம்பும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ரத்தக் குழாய் உரசிக்கொண்டே இருக்கும். உரச உரச, ஒயரின் மேலுறை தேய்வதுபோல நரம்பின் உறை தேய்ந்துபோகும். பிறகு லேசாகத் தொட்டாலும் அது வலியாகப் பாயும். கீழ்க் கிளைகள் பல்லுக்கும் ஈறுக்கும் போவதால் நிறைய பேர் முதலில் பல்லைத்தான் பிடுங்கிக்கொள்கிறார்களாம்.

கட்டி எதுவும் இல்லையே என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதினார். மாத்திரை கார்பமாசிபைன், 100 மில்லிகிராம், காலையும் இரவும். "தோல்ல தடிப்பு, வாய்ல புண், காய்ச்சல், எது வந்தாலும் உடனே நிறுத்திட்டு ஓடி வரணும்" என்று அழுத்திச் சொன்னார்.

நவம்பர் 29

தலை சுற்றுகிறது. எந்நேரமும் தூக்கம். மிஷினில் உட்காரவில்லை.

டிசம்பர் 1

காலையில் பல் தேய்த்தேன். வலது பக்கமும். ஒன்றும் ஆகவில்லை. பயத்தோடு திரும்பவும் தேய்த்தேன். ஒன்றும் ஆகவில்லை!

அப்புறம் செய்ததையெல்லாம் எழுதி வைக்க ஆசையாக இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவினேன். அழுத்தி மஞ்சள் பூசினேன். பக்கத்து வீட்டு அக்காவோடு வாசலில் நின்று வாய் வலிக்கப் பேசினேன். சாயங்காலம் மகன் செகண்ட் லைன் பீச்சிலிருந்து அத்தோ வாங்கி வந்தான். பர்மாவிலிருந்து வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸும் கோஸும் வெங்காயமும் மெல்ல மெல்லத்தான் அதில் ருசி. இரண்டு பக்கமும் மென்றேன். மகன் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 10

மகன் போனில் தேடிப் படித்துக் காட்டினான். இந்த மருந்தை 1953இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், கெய்கி கம்பெனியில் வால்டர் ஷிண்ட்லர் என்பவர் செய்தாராம். வலிப்பு நோய்க்கும் இதே மருந்துதான். 1962இல் ப்ளோம் என்ற ஸ்வீடன் மருத்துவர் இந்த முகவலிக்கு இது கேட்கிறது என்று எழுதினார். நரம்பில் சோடியம் போகும் வழியைக் கொஞ்சம் அடக்கிவைப்பதால், தாறுமாறாகத் துடிக்கும் நரம்பு அமைதியாகிறதாம்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். என் மாமியார்தான், எண்பதைத் தாண்டியவர். "எந்த வருஷம்னு சொன்ன?" என்றார். மகன் திரும்பச் சொன்னான். அத்தையின் மாமியார் செத்தது 1960இல். அவருக்கும் ஒரு பக்கக் கன்னத்தில் இப்படித்தான் வருமாம். துணியால் தாடையைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாராம். வேப்பிலை அடித்தார்கள், சூடு வைத்தார்கள். சாப்பிட பயந்து பயந்தே இளைத்துப் போனாராம்.

"பொறுத்துக்க அத்தேன்னு நான்தாம்மா சொல்லிக்கினே இருந்தேன். வேற என்னா இருந்துச்சி எங்ககிட்ட?" என்றார் அத்தை. என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கை பட்டும் வலிக்கவில்லை.

ஸ்டான்லியில் காசு வாங்காமல் கொடுத்த மாத்திரை. இது கிடைக்காமல் எத்தனை பேர் முகத்தைக் கட்டிக்கொண்டு செத்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர்களைத் தினமும் மனதாரக் கும்பிடுகிறேன்.

டிசம்பர் 22

எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். வலி அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். பின்னால் மாத்திரை கேட்காமல் போனால் ஆபரேஷன் உண்டு. காதுக்குப் பின்னால் திறந்து, ரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் டெஃப்லான் பஞ்சு வைப்பார்களாம். அடுத்த வழி ஒன்று இருக்கிறது என்பதே பெரிய தெம்பு.

ஜனவரி 5

பொங்கல் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. நூல் வெட்டக் கத்தரி வாங்கிவிட்டேன்.

மீன் கொண்டுவரும் அம்மா இன்று இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றது. பல்லைப் பிடுங்கப் போகிறதாம். காற்று பட்டால் வருமா என்று கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றது. எனக்கு இருப்பதுதான் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்றேன். திங்கட்கிழமை மீனுக்குப் போக வேண்டாம், ஏழு மணிக்கே வந்துவிடு, நானும் வருகிறேன், ஆதார் கார்டை மறக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.